வேலை பழகும் காலத்துக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

திருப்பூரில் அவிநாசி ரோட்டில் போனாலும் காங்கேயம் ரோட்டில் போனாலும் பனியன் கம்பெனி கேட்டுகளில் ஒரு தட்டி கண்ணில் படும். சிங்கர் டெய்லர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், கைமடி என்று வரிசையாக எழுதி, கீழே ‘ஆட்கள் தேவை’ என்று இருக்கும். பல இடங்களில் எழுத்து வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். தட்டியை மட்டும் கழற்றியிருக்க மாட்டார்கள். இதே தமிழ்நாட்டில்தான் 2022ஆம் ஆண்டு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பம் போட்டார்கள். ஆள் கிடைக்காத வேலையும் வேலை கிடைக்காத ஆளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த முரணுக்கு இன்று எல்லா மேடையிலும் ஒரே விளக்கம்தான்: பிள்ளைகளிடம் படிப்பு இருக்கிறது, திறன் இல்லை. தொழில் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்கிறார்கள், அமைச்சர்கள் சொல்கிறார்கள், கல்லூரி முதல்வர்களும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞர்களில் 51.25 சதவீதம் பேரே வேலைக்கு ஏற்றவர்கள் என்ற மதிப்பீட்டை ஒன்றிய அரசின் 2023–24 பொருளாதார ஆய்வறிக்கையும் எடுத்துப் போட்டது. இந்த விளக்கத்தில் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. திறன் குறைவு என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி, வேலை பழகும் காலத்துக்குச் சம்பளம் கொடுக்க யாரும் முன்வராததன் விளைவு. ஒரு காலத்தில் அந்தச் செலவைத் தொழில் தானே ஏற்றது. இன்று பெற்றோர் தலையிலும் அரசின் தலையிலும் இறக்கி வைத்துவிட்டு, சுமை சரியாகக் கட்டப்படவில்லை என்று குறை சொல்கிறது.

முதலாளிகளுக்கு என்ன திறன் வேண்டும் என்பதை அவர்கள் பேச்சிலிருந்து அறியலாம். ஆள் எடுக்கும் விதத்திலிருந்தும் அறியலாம். இரண்டும் ஒத்துப்போவதில்லை. பேச்சில் வருவது ஆங்கிலத் தொடர்பாற்றல், சிக்கல் தீர்க்கும் திறன், குழுவாக இயங்குவது, அண்மையில் செயற்கை நுண்ணறிவு. விளம்பரத்தில் வருவது வேறு: வயது 18 முதல் 25, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ, தங்குமிடம் இலவசம், கேன்டீன் உண்டு, வேன் உண்டு, எல்லா ஷிப்டுக்கும் வரவேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் வட்டார மின்னணு ஆலைகளை எடுத்துக்கொள்வோம். 2022–23இல் சுமார் 537 கோடி டாலராக இருந்த தமிழ்நாட்டு மின்னணு ஏற்றுமதி 2024–25இல் 1,465 கோடி டாலரைத் தொட்டது. இந்தப் பாய்ச்சலுக்காக அரசு செய்த ஏற்பாடுகளில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த, 18,720 பெண்கள் தங்கும் விடுதி. விடுதி கட்டியதை நான் குறை சொல்லவில்லை. 2021 டிசம்பரில் உணவு கெட்டுப்போய் உடம்புக்கு முடியாமல் போன ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகு அப்படி ஒன்று கட்டாமல் இருந்திருந்தால்தான் தவறு. ஆனால் 18,720 படுக்கைகளைக் கேட்கும் தொழில் எதைத் தேடுகிறது என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. வீட்டைவிட்டு வந்து தங்கக்கூடிய, மணமாகாத, கண்ணும் விரலும் சலிக்காத வயதைத் தேடுகிறது. வேலையைச் சொல்லிக்கொடுக்கச் சில நாள் போதும், மிஞ்சினால் சில வாரம். இந்தியாவில் ஆலை வேலை பார்க்கும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையோடு சொல்கிறோம், பெருமை நியாயமானதும்கூட. அந்தப் பெண்கள் முப்பது வயதில் என்ன தெரிந்தவர்களாக வெளியே வருகிறார்கள் என்பதைத்தான் எந்த அறிக்கையும் கணக்கெடுக்கவில்லை.

இதற்கு நமக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய சொத்துக்களில் சேராமல் விடுபட்டு, 2014 நவம்பர் முதல் நாள் மூடப்பட்டது. அதன் உச்சக் காலத்தில் நேரடியாக மட்டும் சுமார் எட்டாயிரம் பேர் அங்கே வேலை பார்த்தார்கள். உலகத்தரமான ஆலை, நேர்த்தியான உற்பத்தி, ஐந்தாறு ஆண்டு அனுபவம் எல்லாம் இருந்தது. வெளியே வந்தபோது அதே சம்பளத்துக்கு இன்னொரு வேலை தேடிப் பலர் திண்டாடினார்கள். ஒரு நாளில் ஆயிரம் முறை ஒரே திருகை முடுக்கிய கைக்கு, அந்தத் திருகு இல்லாத இடத்தில் மதிப்பில்லை. அவர்களுக்குத் திறன் இல்லை என்று சொல்வது எளிது. அந்த ஆண்டுகளில் யாரும் அவர்களுக்குத் திறன் எதையும் கொடுக்கவில்லை என்பதே சரி. அடுத்த மெஷினுக்கு மாற்றிப் பழக்கியிருந்தால், பழுது பார்க்கவும் தர ஆய்வுக்கும் உட்கார வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அதற்கு லைனை நிறுத்த வேண்டும். லைனை நிறுத்துவது செலவு.

எல்லா வேலையும் சில வாரத்தில் பழகிவிடக்கூடியது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உண்மையான பற்றாக்குறை வேறிடத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையம், கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் எந்தப் பட்டறையில் கேட்டாலும் நல்ல சி.என்.சி. ஆபரேட்டர் கிடைப்பதில்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மெஷினின் பொத்தான்களை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். வெட்டும் சத்தம் லேசாக மாறும்போதே டூல் தேயத் தொடங்கிவிட்டது என்று அறிவது, விழும் சுருளின் வடிவத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பது, மைக்ரோமீட்டரில் இரண்டு சத மில்லிமீட்டர் கூடியிருந்தால் எந்த ஆஃப்செட்டில் எவ்வளவு கழிப்பது என்று தயங்காமல் முடிவெடுப்பது, இதற்கெல்லாம் ஓராண்டு ஈராண்டு பிடிக்கும். வார்ப்படச் சாலையில் ஈர மணலைக் கைப்பிடியில் அழுத்தி, விரல் தடம் நிற்கிறதா, நடுவில் ஒடித்தால் உதிர்கிறதா என்று பார்த்தே பக்குவம் சொல்லும் மோல்டர்கள் இன்றும் உண்டு. ஈரம் கூடினால் வார்ப்பில் காற்றுக் குழி விழும், அந்தப் பம்பு உறை பழைய இரும்புக்குப் போகும். பேட்லாக் டெய்லருக்குப் பனியன் துணியை இழுக்காமலும் தளரவிடாமலும் கொடுக்கத் தெரிய வேண்டும். இழுத்தால் தையல் அலையடிக்கும், தளர்த்தினால் சுருக்கம் விழும். இந்த வித்தை எந்தக் கல்லூரியிலும் முழுதாகக் கிடைக்காது, ஏனென்றால் கெட்டுப்போன வார்ப்பும் வீணான துணியும் இல்லாமல் இதைக் கற்க முடியாது. கெடுக்கும் காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக்கும் சம்பளம் வேண்டும். திருப்பூரில் எத்தனையோ பேர் டெய்லர் ஆனது எப்படி? டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, டெய்லர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் காலியாகக் கிடக்கும் மெஷினில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பார்த்து. அந்தப் பயிற்சிக்கான மணி நேரம் கம்பெனியின் கணக்கில் வரவில்லை. கற்றுக்கொள்கிறவரின் சோற்று நேரத்தில்தான் எழுதப்பட்டது.

கொங்கு வட்டாரம் தொழில் வட்டாரமானதே பழக்கும் செலவைத் தொழில் ஏற்றதால்தான். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. மில் மெஷின்களைப் பழுது பார்க்கவும் கிணற்றுக்குப் பம்பு செய்யவும் பட்டறைகள் முளைத்தன. 1926இல் நிறுவப்பட்ட பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடத்தில் மோட்டாரும் பம்பும் விற்பனைக்கே தயாராயின. பயின்றவர்களின் கை பட்ட பொருள் சந்தைக்குப் போயிற்று. ஜி.டி. நாயுடு தாம் பணம் கொடுத்து உருவாக்கிய ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியில் 1945–46இல் முதல்வராக இருந்தபோது, நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்று வாதாடி, அரசு ஏற்காததால் விலகினார். இரண்டாண்டு போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மீதியைப் பட்டறையில் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பிய ஒரு முதலாளி, அந்த மீதியைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய முதலாளி நான்கு ஆண்டும் போதவில்லை என்கிறார்.

பழைய காலத்தைப் பொற்காலமாக்குவதும் என் நோக்கமில்லை. திருப்பூரைப் பற்றி சரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல், அங்கே தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான கவுண்டர்களின் எழுச்சியை விவரிக்கிறது. உழைப்பே தங்கள் முதல் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அந்த உழைப்புக்குப் பின்னால் சொந்தபந்தமும் சாதியும் நின்றன. மெஷினை நம்பி ஒப்படைத்ததும், கடனுக்கு நூல் கொடுத்ததும், தனிக் கம்பெனி போட்டபோது ஜாப் ஒர்க் கொடுத்ததும் பெரும்பாலும் தம்மவருக்கே. தலித்துகளுக்கும் பெண்களுக்கும் அந்த ஏணியில் மேல்படி இல்லை. ஆகவே பழைய முறை அப்படியே திரும்ப வேண்டியதில்லை. அதில் இருந்த ஒரு பொருளாதார உண்மையை, பழக்குவதும் உற்பத்திச் செலவில் சேர்த்தி என்பதை, சாதி வாசலைத் தாண்டி எல்லாருக்கும் உரியதாக்க வேண்டியிருந்தது. நாம் செய்தது வேறு. செலவையே தொழிலின் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

எடுத்து எங்கே வைத்தோம் என்று பார்த்தால் இன்றைய நிலை விளங்கும். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021–22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 47 சதவீதம், அகில இந்திய அளவில் 28.4. பெற்றோர் நகையை அடகு வைத்து நான்காண்டுக் கட்டணம் கட்டுகிறார்கள். அரசு 2022 மார்ச்சில் நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் டாட்டா டெக்னாலஜீஸோடு சேர்ந்து புதுப்பித்தது. நல்ல காரியங்கள், ரோபோ கை நிற்கும் ஐ.டி.ஐ. பழைய லேத் மட்டும் நின்ற ஐ.டி.ஐ.யைவிட மேல். இருந்தாலும் 15 முதல் 29 வயதுக்குள் உள்ள இந்தியர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம், முறைசாரா வழியில் கற்றவர்கள் 16.6 சதவீதம் என்று நான் முன்பு சொன்ன அதே ஆய்வறிக்கை சொல்கிறது. அதாவது இத்தனை திட்டங்களுக்குப் பிறகும் தொழில் கற்ற நாலைந்து பேரில் ஒருவரே சான்றிதழோடு கற்றவர். மற்றவர்கள் பட்டறையிலும் கடையிலும் அப்பாவிடமும் கற்றார்கள். இடையில் ஒரு சட்டம் இருக்கிறது: 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் விதி. நடைமுறையில் பழகுநர், டிரெயினி என்ற பெயர்கள் பல இடங்களில் குறைந்த சம்பளத்துக்கு முழு வேலை வாங்கும் வழியாகிவிட்டன. இரண்டு ஆண்டுக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னதும், அந்த நாள் கணக்குக்குள் வராத பெயர்களைக் கண்டுபிடிப்பதில் மனிதவளத் துறைகள் காட்டிய திறமை தனி.

திறன் இல்லை என்ற வாதத்தை உடைக்கும் பெரிய சாட்சி புலம்பெயர் தொழிலாளிதான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறவர் கையில் சான்றிதழ் இல்லை, ஆங்கிலம் இல்லை, தமிழும் இல்லை. அவரிடம் மட்டும் திறன் இடைவெளி எப்படி மறைந்துவிடுகிறது? சில மாதத்தில் அவர் ஓவர்லாக் ஓட்டுகிறார், வார்ப்படச் சாலையில் நிற்கிறார். 2022இல் ஓசூர்ப் பக்கத்து மின்னணு ஆலை ஒன்று ஜார்க்கண்டிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்களை அழைத்து வந்து பழக்கி வேலைக்கு வைத்தது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக ஒரு பொய்ச் செய்தி பரவியபோது, அவர்கள் ஊருக்குப் போய்விடக் கூடாதே என்று முதலில் பதறியவர்கள் திருப்பூர், கோவை முதலாளிகள்தான். ஆக, ஒன்றும் தெரியாதவரை எடுத்துப் பழக்க முடியும், பழக்கிக்கொண்டும் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பையனைப் பழக்காததற்குக் காரணம் அவன் கையில் இல்லை. கம்பெனி வளாகத்திலேயே தங்கி, பன்னிரண்டு மணி நேரம் நிற்கவும், திருவிழாவுக்கு லீவு கேட்காமல் இருக்கவும் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான் என்பதே காரணம். இது சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பற்றிய பேரம். இதற்குத் திறன் என்று பெயர் வைப்பது குழப்பத்தைத்தான் வளர்க்கும்.

இதற்கு முதலாளிகள் தரப்பில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நான் ஆறு மாதம் சம்பளம் கொடுத்துப் பழக்குவேன். பக்கத்துக் கம்பெனி பீஸுக்குப் பத்துப் பைசா கூட்டிக் கொடுத்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடும். பிறகு நான் ஏன் பழக்க வேண்டும்? பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் எழுதிய நூலில் இந்தச் சிக்கலை விளக்கியிருக்கிறார்: எங்கும் செல்லுபடியாகும் திறனைச் சொல்லிக்கொடுக்க எந்தத் தனி நிறுவனத்துக்கும் ஆதாயமில்லை. கணக்குச் சரி. ஆனால் ஒரு கம்பெனியால் முடியாதது ஒரு வட்டாரத்தால் முடியாது என்று அதற்குப் பொருள் அல்ல. ஜெர்மனியில் முன்னூறுக்கு மேற்பட்ட தொழில்களுக்கு நிறுவனங்களே சம்பளம் கொடுத்துப் பழக்குகின்றன, தொழில் வணிக சபைகள் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கின்றன. ஜெர்மனி என்றதும் நம்மூரில் ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். சரி, அவ்வளவு தூரம் போக வேண்டாம்; நம் நொய்யல் ஆற்றுக்குப் போவோம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் கழிவைச் சுத்திகரிக்கும் செலவைத் தம் கணக்கில் எழுதவில்லை, ஆற்றில் விட்டன. அது பாசனத்துக்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்மடை விவசாயிகளின் கிணற்றில் உப்பாக ஏறியது. அப்போதும் இதே வாதம்தான்: நான் மட்டும் சுத்திகரித்தால் என் விலை ஏறும், பக்கத்துப் பட்டறைக்கு ஆர்டர் போய்விடும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே அழிந்துவிடும் என்றார்கள். பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செலவிட்டன, அரசு கடன் கொடுத்தது, சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை வந்தது. தொழில் சாகவில்லை, 2022–23இல் பின்னலாடை ஏற்றுமதி 34,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இன்று அந்தச் சுத்திகரிப்பு முறையையே சொல்லி வெளிநாட்டு வாங்குவோரிடம் ஆர்டர் கேட்கிறார்கள். எல்லாரும் கட்டாயமாகச் செலவில் பங்கு போட்டால் யாருக்கும் நட்டமில்லை என்பதைத் திருப்பூர் ஏற்கெனவே நிரூபித்திருக்கிறது. பழக்கும் செலவுக்கும் அப்படி ஒரு பொது நிதி போட திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும் கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவுக்கும் ஆள்பலம் இல்லையா, அனுபவம் இல்லையா? தலைக்கு இவ்வளவு என்று எல்லாக் கம்பெனியும் கட்டினால், பக்கத்துக் கம்பெனி ஆளைக் கூட்டிக்கொண்டு போகும்போது தான் கட்டிய பணத்துக்கு உரியதைத்தான் எடுத்துப் போகிறது.

இன்னொரு மறுப்பு, கல்லூரிகளின் தரம் உண்மையிலேயே மோசம் என்பது. ஒப்புக்கொள்கிறேன். இயந்திரவியல் பட்டம் வாங்கியும் வரைபடம் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். பின்னத்தில் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வரி மின்னஞ்சல் எழுத முடியாதவர்களும் இருக்கிறார்கள். எழுத்தும் கணக்கும் தெளிவாகப் பேசுவதும் பள்ளியும் கல்லூரியும் கொடுத்தே ஆகவேண்டியவை. அந்தக் கடனை முதலாளி தலையில் கட்ட முடியாது. ஆனால் அடிப்படைக் கல்வி ஒன்று, வேலைப் பழக்கம் வேறொன்று. முதலாவதில் உள்ள குறையைக் காட்டி இரண்டாவதிலிருந்து நழுவக் கூடாது. ஆங்கிலத் தொடர்பாற்றல் என்ற பேரில் வடிகட்டப்படுவது பல நேரம் ஆற்றல் அல்ல, எந்த வகைப் பள்ளியில் படித்தார் என்பதுதான். ஸோஹோ நிறுவனம் 2004 வாக்கில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, மென்பொருள் கற்பித்து வேலைக்கு வைக்கத் தொடங்கியது. தென்காசிப் பக்கமும் அதைச் செய்கிறது. அது லாபமுள்ள பெரிய நிறுவனம், பத்து மெஷின் வைத்திருக்கும் பட்டறையோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். ஒப்பிடக் கூடாதுதான், அதனால்தான் பொது நிதி என்கிறேன். ஆனால் லாபமுள்ள மற்ற பெரிய நிறுவனங்கள் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அமெரிக்காவிலும் திறன் பற்றாக்குறைக் கூச்சல் எழுந்தபோது, வார்ட்டன் கல்லூரியின் பீட்டர் கேப்பெல்லி 2012இல் வெளியிட்ட நூலில் பழியை விண்ணப்பதாரர் மேலிருந்து எடுத்து, பயிற்சியைக் கைவிட்ட நிறுவனங்கள் மேல் வைத்தார். செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: வேலை அடிக்கடி மாறுமானால் கல்லூரியில் முன்கூட்டியே கற்றுவிட்டு வா என்று சொல்வது இன்னும் பொருளற்றதாகிறது. மாறும் இடத்தில் இருந்துகொண்டேதான் கற்க முடியும்.

இளைஞர்களுக்கு உழைக்க மனமில்லை, அரசு வேலை மோகம் என்ற பேச்சையும் கேட்கிறோம். 22 லட்சம் பேரை மோகம் என்ற ஒரு சொல்லில் அடக்கலாமா? அவர்கள் கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள். குரூப் 4இல் சேர்கிறவருக்கு மேலே படிகள் இருக்கின்றன, நாற்பது வயதில் வெளியே தள்ளமாட்டார்கள். பனியன் கம்பெனியில் கைமடிக்கும் செக்கிங்குக்கும் நடுவில் என்ன படி, அடுத்து என்ன சம்பளம் என்று எழுதிவைத்த கம்பெனிகள் சொற்பம். படி தெரியாத இடத்தில் கால் வைக்கத் தயங்குவது சோம்பல் ஆகாது. தாராபுரத்துப் பக்கம் ஒரு பையன் ஐ.டி.ஐ. முடித்து கோவையில் பழகுநராகச் சேர்வதாக வைத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அவனுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். அதில் ஒன்றிய அரசு 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை ஏற்கிறது. கம்பெனிக்கு மிஞ்சுவது ஐயாயிரத்துச் சொச்சம். பையன் அந்த ஏழாயிரத்தில் கணபதியில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்க வேண்டும், மூன்று வேளை மெஸ்ஸில் சாப்பிட வேண்டும், வாரக் கடைசியில் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். அதே தெருவில் ஜவுளிக் கடையில் மூட்டை இறக்கப் போனால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், சாப்பாடும் சில இடத்தில் உண்டு. வீட்டில் தங்கை காலேஜ் போகிறாள். அவன் மூட்டை இறக்கப் போகிறான். பட்டறைக்காரர் அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் ஆள் கிடைக்கவில்லை என்கிறார்.